உப்புத் தண்ணீரில் இயற்கைக் கிளீனர்: மண்டபம் பக்கத்து வாசகிக்குப் பதில்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் கடலோரக் கிராமம் எங்களுடையது. வீட்டுக்காரருக்கு நாட்டுப்படகுத் தொழில். ஒன்பதாவது படிக்கும் மகள், பள்ளியில் பவளப்பாறை பற்றிக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து பினாயில், ஆசிட், சோப்புத்தூள் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறாள். பாதி பாட்டில் பினாயிலைக் கொல்லையில் கொட்டப் போனவளைத் தடுத்து வைத்திருக்கிறேன். மகளிர் குழுவில், பழத்தோலும் வெல்லமும் ஊறவைத்துச் செய்யும் பயோ என்சைம் வாங்கினேன், பூந்திக்கொட்டையும் வாங்கினேன். ஆனால் தரை பிசுபிசுக்கிறது, எறும்பு வருகிறது. அருவாமனையில் மீன் கவுச்சி போவதில்லை. பாத்ரூம் டைல்ஸ், குழாய் எல்லாம் வெள்ளையாகப் படிகிறது. போன மழையில் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு வந்ததால், பிளீச்சிங் பவுடரை விடவே கூடாது என்கிறார் அத்தை. இரண்டு பேருக்கும் நடுவில் நான். போன வாரம் கழிப்பறையில் பயோ என்சைமை ஊற்றி, மேலே பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்த்தேன். கண் எரிந்து இருமல் வந்துவிட்டது. இயற்கைப் பொருளில் ஏன் இப்படி ஆகிறது?

பதில்: சகோதரி, கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் வருகிறேன். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

நீங்கள் சுவாசித்தது குளோரின் வாயு. பயோ என்சைம் ஒரு புளிப்புத் திரவம். பிளீச்சிங் பவுடரோடு எந்தப் புளிப்பு சேர்ந்தாலும் குளோரின் வெளியேறும். கடையில் வாங்கும் கழிப்பறை ஆசிட் என்றால் சட்டென்று நிறைய வரும். வினிகர், எலுமிச்சை, புளித்தண்ணீர், பயோ என்சைம் என்றால் கொஞ்சம் மெதுவாக வரும். வருவது ஒரே வாயுதான். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். சின்னக் கழிப்பறைக்குள் குனிந்து தேய்ப்பவரின் மூக்கு இருப்பதும் அங்கேதான். இனி ஒருமுறை அப்படி எரிந்தால் உடனே வெளியே வந்து கதவைத் திறந்து போடுங்கள். வாயு கலைகிறவரை உள்ளே போக வேண்டாம். அதன் பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். இருமலோ நெஞ்சு இறுக்கமோ நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய், எதோடு எதைக் கலந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மகளுக்கும் அத்தைக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். மகள் சொன்னதில் பாதி, அத்தை சொன்னதில் பாதி என்று ஒரே பீங்கானில் போடுவதுதான் உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் பெரிய ஆபத்து. ஒரு நாளுக்கு ஒன்று. அடுத்ததைத் தொடுமுன் முந்தையது முழுதாகக் கழுவிப் போயிருக்க வேண்டும்.

இனி தரை. நீங்கள் பயோ என்சைமைக் குறை சொல்கிறீர்கள். நான் முதலில் வாளித் தண்ணீரைக் கேட்பேன். துடைப்பது போர் தண்ணீரில்தானே? உங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் சாப்பாட்டு உப்போடு மெக்னீசியம், கால்சியம் உப்புகளும் இருக்கும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு தரையில் தங்கிவிடும். மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. கடல் காற்று ஈரத்தோடு வீசும் மாலை நேரத்தில் தரை பிசுபிசுக்கும், காலையில் வெயில் ஏறியதும் சரியாகிவிடும். உங்கள் வீட்டில் அப்படித்தானா என்று கவனியுங்கள். சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. ஒரு மூலையை வெறும் போர் தண்ணீரில் துடையுங்கள், இன்னொரு மூலையை, குடிக்கப் பிடிக்கும் வெறும் காவிரித் தண்ணீரில் துடையுங்கள். இரண்டிலும் எதையும் கலக்க வேண்டாம். சாயங்காலம் செருப்பில்லாமல் நடந்தால் கால் சொல்லிவிடும்.

பினாயில் போட்டபோது இப்படி இல்லையே என்று கேட்பீர்கள். அப்போதும் உப்பு இருந்தது. அந்த வாசனையில் ‘சுத்தமாகிவிட்டது’ என்று மனசு முடிவு கட்டியிருக்கும். குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் ஊரில் நல்ல தண்ணீரில் தரை துடை என்று சொல்ல எனக்கு வாய் வராது. போர் தண்ணீரிலேயே துடையுங்கள். முடிவில் அரைக் குடம் நல்ல தண்ணீரில் துணியை நன்றாகப் பிழிந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அரிசி கழுவின தண்ணீர் வேண்டாம், அதன் மாவும் ஒட்டும்.

எறும்புக்குக் காரணம் மட்டும் பயோ என்சைமேதான். வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் ஊறல் என்பது பொதுவான கணக்கு. ஈஸ்ட் வெல்லத்தைத் தின்று சாராயமாக்கும், பிறகு இன்னொரு வகை நுண்ணுயிர் அந்தச் சாராயத்தைக் காடியாக்கும், அதாவது வினிகராக்கும். ‘என்சைம்’ என்று பெயர் பெரிதாக இருந்தாலும், முடிவில் கையில் இருப்பது பெரும்பாலும் பழத்தோல் எண்ணெய் வாசனை ஏறிய லேசான காடி. நல்ல பொருள்தான், எண்ணெய்ப் பிசுக்கையும் உப்புக்கறையையும் ஓரளவு எடுக்கும். அவசரத்தில் ஆறு வாரத்திலேயே வடிகட்டி விற்றால் வெல்லம் மிச்சமிருக்கும். அதைத் தரையில் பூசினால் எறும்பு வராமல் என்ன செய்யும்? மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாசனை அடித்தாலோ, மூடி ‘புஸ்’ என்று காற்று விட்டாலோ இன்னும் பழுக்கவில்லை. நன்றாகப் புளித்ததும், பத்து லிட்டர் வாளிக்கு அரை டம்ளருக்கு மேல் வேண்டாம்.

வீட்டிலேயே செய்வதென்றால் சில விஷயங்கள். கருப்பட்டியை இதில் வீணாக்காதீர்கள், அது காப்பிக்கு. கடையில் கறுத்துக் கிடக்கும் மட்ட வெல்லம் போதும். போர் தண்ணீர் வேண்டாம். குழாய்த் தண்ணீராக இருந்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துக் குளோரின் போன பிறகு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் ஈஸ்ட் மந்தமாகும். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விட வேண்டும், மறந்தால் வெடிக்கும்.

உங்கள் வீட்டுத் தரை டைல்ஸ் என்று ஊகிக்கிறேன். பழைய வீடாக இருந்து சுண்ணாம்புக் காரையோ, மொசைக்கோ, மார்பிளோ இருந்தால் பயோ என்சைம், வினிகர், எலுமிச்சை எதையும் போடாதீர்கள். புளிப்பு சுண்ணாம்பைத் தின்னும். பவளக்கல் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் உங்கள் கரையில் உண்டு, அந்தக் கல்லும் சுண்ணாம்புதான். 2001-ல் பவளங்கள் வன உயிரினச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. அரித்துப்போன கல்லுக்கு மாற்றுக் கல் கடலிலிருந்து வராது.

அருவாமனைக் கவுச்சிக்கு வருவோம். உங்கள் அம்மா, பாட்டி கையில் இருந்த வழக்கமே இதற்குச் சரி. வரிசைதான் மாறிப்போயிருக்கிறது. மீன் வாடை பெரும்பாலும் டிரைமீதைல் அமீன் என்ற காரப் பொருளால் வருகிறது. இங்கே காரம் என்பது மிளகாய்க் காரமல்ல, புளிப்புக்கு எதிரான குணம். காரத்தைப் புளிப்பு பிடித்துக் கட்டிவிடும். கட்டிய பிறகு அது காற்றில் பறக்காது, தண்ணீரோடு போய்விடும். சோப்பும் சாம்பலும் காரம். அவற்றை முதலில் போட்டால் வாடை விடுபட்டு மேலே கிளம்பும். சோப்புப் போட்டுக் கழுவிய கையில் கவுச்சி கூடுவதுபோல் தோன்றுவது இதனால்தான். பூந்திக்கொட்டையில் கவுச்சியைக் கட்டும் அளவுக்குப் புளிப்பு கிடையாது.

ஆகவே முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் புளிச்சக்கை, கடைசியில் சோப்பு. வெந்நீர் வேண்டாம், மீன் புரதம் வெந்து இரும்பில் ஒட்டிக்கொள்ளும். குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையில் கல் உப்பைச் சேர்த்து வெட்டு விளிம்பிலும் பலகையிலும் தேய்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். இரும்பு அருவாமனை என்றால் அதற்கு மேல் விடாதீர்கள், துருப் பிடிக்கும். கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். கடல் காற்றுக்கு முன்னால் ஈர இரும்பு ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டை போதாது என்பது உண்மை. துணிக்கும் நகைக்கும் அது அருமை; வறுவல் சட்டியின் எண்ணெய் அதற்குக் கட்டுப்படாது. சீமைக்கருவேல விறகும் கரிமூட்டமும் உள்ள மாவட்டத்தில் சாம்பலுக்கா பஞ்சம்? சலித்த விறகுச் சாம்பலில் இருக்கும் காரம் எண்ணெயை உடைக்கும். தேங்காய் நாரோடு சேர்த்தால் எவர்சில்வருக்கும் இரும்புச் சட்டிக்கும் வேறெதுவும் வேண்டாம். அலுமினியம் கறுக்கும், நான்ஸ்டிக் கீறும், அவற்றில் வேண்டாம். பிளாஸ்டிக்கோ பெயின்ட் அடித்த பலகையோ எரிந்த அடுப்பின் சாம்பலும் ஆகாது.

சோப்பைப் பற்றி ஒரு உபரித் தகவல், உங்கள் ஊருக்கு ரொம்பப் பொருந்தும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காததற்கு இரண்டு காரணங்கள். கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைத் தயிர் மாதிரித் திரித்துவிடும். அதற்கு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டுக் கலக்கி, தண்ணீர் தெளிந்ததும் மேலாக எடுத்துப் புழங்கலாம். சாப்பாட்டு உப்பே அதிகமாக இருந்தாலும் சோப்பு கரையாது. அதற்குச் சோடா உதவாது. இந்த இடத்தில் தேங்காயெண்ணெய் சோப்பு கை கொடுக்கும். மற்ற எண்ணெய்ச் சோப்புகள் தோற்கும் உப்புத் தண்ணீரிலும் அது நுரைக்கும், கப்பல்காரர்கள் கடல் தண்ணீரில் குளிக்க வைத்துக்கொண்டது தேங்காயெண்ணெய் சோப்பைத்தான். உங்கள் மகளிர் குழுவினர் அடுத்து எதையாவது செய்ய நினைத்தால் இதைச் செய்யச் சொல்லுங்கள். காஸ்டிக் சோடாவைக் கையாள முறையான பயிற்சி பெற்ற பிறகு, அதை மட்டும் மறக்க வேண்டாம். படகிலிருந்து வரும் அழுக்குத் துணிக்கு இது எதுவும் எடுபடவில்லை என்றால் சோப்புத்தூளையே போடுங்கள், பாக்கெட்டில் சொன்னதில் பாதியில் தொடங்கி. மகளிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

வெள்ளைப் படிவில் இரண்டு வகை உண்டு. ஈரத் துணியில் துடைத்ததும் கரைந்து போனால் அது வெறும் உப்பு, ஆசிட்டுக்கு அங்கே வேலையே இல்லை. குளித்து முடித்ததும் சுவரை உலர்ந்த துணியால் வழித்துவிட்டால் படியாது. துடைத்தும் போகாமல் சொரசொரப்பாக இருப்பது சுண்ணாம்புப் படிவு. அதற்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்): அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, துணியை நனைத்துக் குழாயில் அரை மணி நேரம் சுற்றி வையுங்கள். கழிப்பறைப் பீங்கானில் ராத்திரி ஊற்றிக் காலையில் பனந்தும்பு பிரஷால் தேயுங்கள். அன்றைக்கு பிளீச்சிங் பவுடர் டப்பா அந்தப் பக்கமே வரக் கூடாது. வினிகரையும் ஆப்பசோடாவையும் சேர்த்துப் பொங்கவிடும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பொங்குவது இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதால். மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் தண்ணீர். தனித்தனியாக இரண்டும் வேலை செய்யும்.

அத்தை சொல்வதில் பெரிய நியாயம் இருக்கிறது. பயோ என்சைம், வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சை எதையும் கிருமிநாசினி என்று நம்ப வேண்டாம். அவை அழுக்கை எடுக்கும், வாடையை எடுக்கும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த வீட்டில் பிளீச்சிங் பவுடர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் தினமும் வேண்டாம். நோய் உள்ள நாட்களில் மட்டும், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி. அசுத்தத்தை முதலில் துடைத்து எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். வாரம் தவறாமல் கழிப்பறையில் கொட்டினால் செப்டிக் டேங்கில் மலத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் அது கொல்லும், டேங்க் சீக்கிரம் நிறையும். கடலோர ஈரத்தில் பிளீச்சிங் பவுடர் வேகமாக வீரியம் இழக்கும். மூட்டையாக வாங்கி வைத்தால் கொஞ்ச நாளில் கையில் இருப்பது சுண்ணாம்புதான். சின்னப் பொட்டலமாக வாங்கி இறுக்கி மூடுங்கள். பஞ்சாயத்துத் தொட்டியில் குளோரின் போடுவதை யாராவது ‘ரசாயனம்’ என்று எதிர்த்தால் அத்தை பக்கம் நில்லுங்கள். சின்னவனைக் காப்பதில் தரையைவிடக் குடிக்கும் தண்ணீரும், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவிய கையும்தான் முக்கியம்.

மகளுக்கு இரண்டு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவு வெளுத்தது கடல் சூடேறியதால். அம்மாவின் பினாயில் அதற்குக் காரணமில்லை, அந்தக் குற்ற உணர்ச்சியை வீட்டில் யாரும் சுமக்க வேண்டாம். வீட்டுச் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் கரையோரம் சேர்ந்தால் பாசி கொழுக்கும். பவளத்துக்கும் கடல்புல்லுக்கும் வெளிச்சம் குறையும். அந்த அளவில் அவள் கவலை சரி.

பினாயிலையும் ஆசிட்டையும் குறைக்க அதைவிட நெருக்கமான காரணம் ஒன்று உங்கள் கொல்லையிலேயே இருக்கிறது. கடலோர மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறீர்களே, அது மழைத் தண்ணீர். உப்புத் தண்ணீரைவிட இலேசானதால் அதன்மேல் மெல்லிய ஏடாக மிதக்கிறது. மணல் பெரிதாக எதையும் தடுத்து நிறுத்தாது. கொல்லைக் குழியில் ஊற்றும் பினாயிலும் ஆசிட்டும் கடலைச் சேர்வதற்கு முன்னால் அந்த ஏட்டில்தான் இறங்கும். உங்கள் குடும்பத்துக்கு இதுதான் முதல் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது விஷயம் அவளுக்குப் பிடிக்காது. பூந்திக்கொட்டை மீனுக்கு விஷம். தொண்டிப் பக்கம் இறால் பண்ணையில் வேலை செய்த யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். இறால் விடுமுன் குளத்தில் இருக்கும் வேண்டாத மீனை ஒழிக்கத் தேயிலைக்கொட்டைப் பிண்ணாக்கு போடுவார்கள். மீன் செத்து மிதக்கும். அதைக் கொல்வது சபோனின். பூந்திக்கொட்டையில் நுரை தருவதும் சபோனின்தான். மண்ணில் அது சீக்கிரம் சிதைந்துவிடும், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கொதிக்க வைத்த கெட்டித் தண்ணீரை ஓடையிலோ கழிமுகத்திலோ கொட்டக் கூடாது. கொல்லையில் ஊற்றிலிருந்து தள்ளி நிற்கும் தென்னை மூட்டில் ஊற்றுங்கள். சலவை சோடாத் தண்ணீருக்கும் தென்னைதான் இடம். அது உப்பைத் தாங்கும், கத்தரி அவ்வளவு தாங்காது.

கடையில் ‘இயற்கை’, ‘பசுமை’ என்று அச்சிட்டு விற்பதை நம்பலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ஆதாரம் காட்டாமல் இப்படிப் பொத்தாம்பொதுவாக விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. பாட்டிலின் பின்பக்கம் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாதவர் முன்பக்கம் இலைப்படம் போட்டிருந்தால் காசை மிச்சம் பிடியுங்கள்.

அந்தப் பாதி பாட்டில் பினாயிலைக் கொட்டவிடாமல் தடுத்தது நல்ல வேலை. கொட்டினால் மொத்தமும் ஒரே நாளில் ஊற்றுக்குப் போகும். வேறெதோடும் கலக்காமல், சொன்ன அளவில் தண்ணீர் விட்டுக் கழிப்பறைத் தரைக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிடுங்கள். காலி பாட்டிலில் பயோ என்சைமை ஊற்றி வைக்காதீர்கள். குளிர்பான பாட்டிலிலும் வேண்டாம், சின்னவன் எடுத்துக் குடித்துவிடுவான். வேறு பாட்டிலில் ஊற்றி, பெயரையும் ‘பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதே’ என்பதையும் மகள் கையாலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.